முகத்தில் தெரிவது வயதா, வெயிலா?

சட்டைக் கையைச் சுருட்டி, மேல்கையின் உட்புறத் தோலை ஒரு முறை பாருங்கள். அக்குளுக்குக் கீழே, உடம்போடு ஒட்டியே இருக்கும் இடம். அறுபது தாண்டியவர்களுக்குக்கூட அங்கே தோல் பெரும்பாலும் ஒரே நிறத்தில், புள்ளியோ திட்டோ இல்லாமல் மெத்தென்று இருக்கும். கொஞ்சம் தளர்ந்திருக்கலாம், மெல்லிய சுருக்கம் இருக்கலாம், அவ்வளவுதான். இப்போது அதே கையின் புறங்கையைத் திருப்பிப் பாருங்கள். கறுத்து, கோடு விழுந்து, சொரசொரப்பாக இருக்கும். இரண்டு இடத்துத் தோலுக்கும் ஒரே வயது, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை. ஒன்று ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தது, இன்னொன்று நிழலிலேயே இருந்துவிட்டது.

தோலின் மூப்பை மருத்துவர்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். வயது ஏற ஏறத் தானாக வருவது ஒன்று. வெளியிலிருந்து வந்து சேர்வது மற்றொன்று. அதில் பெரும்பங்கு வெயிலுடையது, அடுத்தது புகை. முகம், கழுத்து, புறங்கை என்று நாம் பார்த்துக் கவலைப்படும் இடங்களில் தெரிவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். முதல் வகையை யாராலும் நிறுத்த முடியாது. இரண்டாவதைத் தள்ளிப்போடலாம், ஓரளவு திருத்தவும் செய்யலாம். இளமையைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் எந்தப் பொருளையும் எடைபோட இந்தப் பிரிவினை ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் வெளியிட்டது. படத்தில் இருப்பவர் 69 வயதுக்காரர், 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். வலது கன்னத்தைப் பார்த்தால் அந்த வயதுக்கு ஏற்ற சாதாரண முகம். இடது கன்னமோ தடித்து, ஆழமான பள்ளங்களாக மடிந்து, இருபது வயது மூத்த ஒருவரின் முகத்தை ஒட்டவைத்ததுபோல் தெரியும். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் ஜன்னல் வெயில் முழுவதும் இடது கன்னத்தில் விழுந்திருக்கிறது. நம் ஊரில் ஓட்டுநருக்கு வலப்பக்கம் ஜன்னல். பல ஆண்டுகள் பஸ்ஸும் லாரியும் ஓட்டியவர்களின் இரண்டு முழங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கை ஜன்னலோரம் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அந்தப் படத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிர்களில் இரண்டு வகை உண்டு. யூவிபி மேல்தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். அதைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். யூவிஏ சுடாது, எரியாது, நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அது கண்ணாடியைத் தாண்டி, மேல்தோலையும் தாண்டி, உள்தோல்வரை இறங்கும். நம்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 95 சதவீதம் இந்த வகைதான். காலையிலும் மாலையிலும், மேகம் கவிந்த நாளிலும்கூட வந்துகொண்டிருக்கும். உடம்பு சுடவில்லை என்பதால் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது? நாம் தொட்டுப் பார்க்கும் மேல்தோல் மிக மெல்லியது. அடியில் பிறக்கும் செல்கள் மேலே மேலே நகர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் செதிலாக உதிர்ந்துவிடும். வயதானால் இந்த நகர்வு மந்தமாகும், அதனால் முகம் மங்கலாகத் தெரியும். சுருக்கமும் தொய்வும் தீர்மானமாவது அதற்குக் கீழே இருக்கும் உள்தோலில். உள்தோலின் எடையில் நீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழைகள். அவற்றுக்கு நடுவே இழுத்தால் திரும்பும் தன்மை கொண்ட எலாஸ்டின் இழைகள். இவற்றை நெய்து தருபவை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள். இருபது வயதைத் தாண்டியதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்ற அளவில் கொலாஜன் குறைந்துகொண்டே போகும். இது எல்லோருக்கும் நடப்பது.

வெயில் இதை வேகப்படுத்தும் விதத்தை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் வூர்ஹீஸ், கேரி ஃபிஷர் குழுவினர் 1990-களில் விளக்கினார்கள். புற ஊதாக் கதிர் பட்ட சில மணி நேரத்தில் தோலுக்குள் கொலாஜனை வெட்டும் நொதிகள் பெருகுகின்றன. தோல் சிவக்கும் அளவுக்குக்கூட வெயில் பட வேண்டாம், அதற்குக் குறைவாகவே போதும். வெட்டுப்பட்ட இடத்தை உடம்பு சரிசெய்யப் பார்க்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறை விட்டுவிடும். அந்தக் குறைகள் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் இழைகளைப் பிடித்துக்கொண்டு, இழுவிசையில் நின்றுதான் வேலை செய்பவை. கயிற்றுக் கட்டிலில் நாலு கயிறு அறுந்தால் மிச்சக் கயிறும் தொய்ந்துபோவதைப்போல, இழைகள் துண்டானதும் செல்கள் பிடிமானம் இழந்து சுருங்கிப்போகும். சுருங்கிய செல் புதுக் கொலாஜனைக் குறைவாகச் செய்யும், வெட்டும் நொதியைக் கூடுதலாகச் சுரக்கும். ஒரு கட்டத்துக்குமேல் சேதமே சேதத்தை வளர்க்கத் தொடங்கிவிடுகிறது. கூடவே, சிதைந்த எலாஸ்டின் உள்தோலில் குவிந்து, வெயிலில் காய்ந்த கழுத்துகளில் நாம் பார்க்கும் அந்தத் தடித்த, மஞ்சள் பாய்ந்த தோலாகிவிடும்.

தானாக வரும் மூப்பிலும் ஒரு திருப்பம் உண்டு, பெண்களுக்கு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்குவதுதான் காரணம். “திடீர்னு வயசாயிட்ட மாதிரி இருக்கு” என்று ஐம்பதைத் தாண்டிய பெண்கள் சொல்வது மனப்பிரமை அல்ல. அவர்களிடம் யாரும் இதை விளக்கிச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம். இதுபோக, முக எலும்பு தேய்வதும், கன்னத்துக் கொழுப்பு குறைந்து கீழிறங்குவதும் சேர்ந்தே முகத்தின் வடிவத்தை மாற்றுகின்றன. இவற்றை எந்த க்ரீமும் தொட முடியாது.

நம் தோலுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. மெலனின். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் காரணமான இந்த நிறமி புற ஊதாக் கதிரை உறிஞ்சி, உள்தோலுக்குப் போகும் அளவைக் குறைக்கிறது. அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு முப்பதுகளிலேயே தெரியும் சுருக்கம் நமக்குப் பல ஆண்டுகள் பிந்தி வருகிறது. ஆனால் இதை நம்பி வெயிலில் கவலையில்லாமல் இருந்துவிட முடியாது. நம் தோலில் வெயில் தன் கைவரிசையைச் சுருக்கமாகக் காட்டுவதற்கு முன்பே நிறமாகக் காட்டிவிடும். கன்னத்தில் மங்கு, நெற்றியோரத்தில் கறுப்பு, கண்ணைச் சுற்றிக் கருவளையம், பரு போன இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் தழும்பு. ஒரு முகத்துக்கு என்ன வயதிருக்கும் என்று பார்ப்பவர்கள் கணிக்கும்போது, சுருக்கத்தைப் போலவே நிறம் சீராக இருக்கிறதா என்பதும் கணக்கில் வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நமக்கு இளமைத் தோற்றம் என்பது பெரும்பாலும் சீரான நிறம். எந்த நிறம் என்பது முக்கியமே இல்லை.

சரி, எது உண்மையிலேயே காக்கிறது? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அடீல் கிரீன் தலைமையிலான குழு 1992-லிருந்து 1996 வரை அங்கே ஒரு சோதனை நடத்தியது. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் தோல் மூப்பு அதில் அளக்கப்பட்டது. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைத் தினமும் காலையில் முகம், கழுத்து, கைகளில் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம்போலத் தோன்றினால் பூசலாம். அளந்த விதம் அழகானது. புறங்கையில் சிலிகான் ரப்பரைத் தடவி அச்செடுத்து, தோலின் நுண்ணிய கோடுகள் எவ்வளவு அழிந்து கரடாகியிருக்கின்றன என்று ஆள் யாரென்று தெரியாமலே மதிப்பிட்டார்கள். நாலரை ஆண்டு முடிவில், தினமும் பூசியவர்களின் தோலில் மூப்பு கூடியதாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு. 2013-ல் இது வெளியானது. அவர்கள் பூசியது வெறும் எஸ்பிஎஃப் 15 (எஸ்பிஎஃப் என்பது சன்ஸ்கிரீனின் காப்புத் திறனைச் சொல்லும் எண்) என்பதையும் கவனிக்க வேண்டும். அதே சோதனையில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையால் பலன் எதுவும் தெரியவில்லை.

மூப்பைத் தடுப்பதாகச் சொல்லப்படும் பொருள்களில் இவ்வளவு பேரை, இவ்வளவு காலம், குலுக்கல் முறையில் சோதித்த ஒன்று இன்னொன்று இருப்பது அரிது. ஆயிரக்கணக்கில் விலை போட்ட சீரம் வாங்கும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சன்ஸ்கிரீன் வாங்கினால் எஸ்பிஎஃப் 30 போதும். அது யூவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுப்பதைவிட, பூசும் அளவைக் கூட்டுவது மேல். அந்த எண்ணைக் கணக்கிடப் பரிசோதனைக்கூடத்தில் பூசும் அளவில் பாதிகூடப் பெரும்பாலோர் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். எஸ்பிஎஃப் என்பது யூவிபிக்கான எண். யூவிஏவைத் தடுக்குமா என்று தெரிய ‘பிஏ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள். மங்கு இருப்பவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குவது நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும் என்பதும், நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு அந்த ஒளியைத் தடுக்கும் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது.

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் கோடை உச்சிவெயிலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் படி. மார்கழி மதியத்திலும் பாதுகாப்பு தேவைப்படும் அளவுக்கு மேலேதான் இருக்கும். செல்போனில் குறியீட்டைத் தேட வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் குடை பிடியுங்கள், அல்லது நிழலுக்குப் போங்கள். ஸ்கூட்டரில் போகும் பெண்கள் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வது அறிவான பழக்கம், துணி அடர்த்தியாக இருந்தால் போதும். வைட்டமின் டி குறைந்துவிடுமே என்ற கேள்வி நியாயமானது. ஆஸ்திரேலியாவில் 1990-களில் தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களைச் சோதித்தபோது பெரிதாகக் குறையவில்லை. குறைபாடு இருந்தால் ரத்தத்தில் பார்த்து மாத்திரை எடுக்கலாம். முகத்தை வெயிலில் காட்டித்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும் என்பதில்லை.

ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்தைக் கொஞ்சமாவது திருத்தும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மருந்து ட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவம். பருவுக்காக எழுதித் தரப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன், பருவுக்குப் பூசிய பெண்களின் தோலில் சுருக்கமும் குறைவதைக் கவனித்தார். 1986-ல் அவர் குழு அதை வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்து வூர்ஹீஸ் குழு மருந்தில்லாத க்ரீமோடு ஒப்பிட்டு அதை உறுதி செய்தது. கிளிக்மன் பெயரை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடம்பில் அவர் இருபது ஆண்டுக்கு மேல் மருந்துகளையும் ரசாயனங்களையும் சோதித்தார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். என்ன பூசப்படுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. இன்று நாம் பூசும் க்ரீமின் கதையில் அந்த மனிதர்களும் இருக்கிறார்கள்.

ட்ரெட்டினாயின் கொலாஜன் வெட்டும் நொதிகளை அடக்கி, புதுக் கொலாஜனைத் தூண்டுகிறது. பலன் தெரியப் பல மாதம் ஆகும். மருத்துவர் எழுதித் தந்து, இரவில், பட்டாணி அளவு, வாரம் இரண்டு மூன்று நாளில் தொடங்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் பூசினால் தோல் எரிந்து உரியும், மாநிறத் தோலில் அந்த எரிச்சலே கறுப்புத் திட்டாக நின்றுவிடும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது. கடையில் நேரடியாகக் கிடைக்கும் ரெட்டினால் இதே குடும்பம், வீரியம் குறைவு.

மாய்ஸ்சரைசரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வறண்ட தோலில் கோடுகள் ஆழமாகத் தெரியும், ஈரம் நின்றால் மேலோட்டமான கோடுகள் மறையும். கிளிசரினோ வாசலினோ கலந்த மலிவான எதுவும் இதைச் செய்யும். கொலாஜன் க்ரீம் விஷயத்தில் கணக்கு எளிது. தோலைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறின் எடை ஏறக்குறைய 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டும். கொலாஜன் சுமார் 3 லட்சம் டால்டன். அது மேலேயே படிந்து, ஈரத்தைப் பிடித்து வைத்து, கழுவும்போது போய்விடும். குடிக்கும் கொலாஜன் பவுடர் இப்போது பரவலாக விற்கிறது. 2025-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல குலுக்கல் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பவுடர் விற்கும் நிறுவனங்களின் பணம் பெற்ற சோதனைகளில் பலன் தெரிந்தது, பெறாத சோதனைகளில் தெரியவில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம்.

புகை பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஹாரி டேனியல் 1971-லேயே புகைப்பவர் முகச் சுருக்கத்தைக் கணக்கெடுத்து எழுதினார். ஒஹாயோ மாநிலத்தின் ட்வின்ஸ்பர்க் ஊரில் ஆண்டுதோறும் கூடும் இரட்டையர் விழாவில் எடுத்த படங்களை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே மரபணு, ஒருவர் புகைத்தவர், மற்றவர் புகைக்காதவர் அல்லது குறைவாகப் புகைத்தவர். அதிகம் புகைத்தவருக்குக் கண்ணுக்குக் கீழே பையும் உதட்டுக்கு மேலே கோடும் கூடுதலாக இருந்தன. பீடிக்கு இதில் தனிச் சலுகை கிடையாது.

இத்தனைக்கும் மேலாக என்னை வேதனைப்படுத்துவது மெடிக்கல் ஷாப்பில் நடப்பது. முகம் பளிச்சென்று ஆக ஏதாவது கொடுங்க என்று கேட்டால், ஸ்டீராய்டு கலந்த ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப்கள் மங்குக்காக, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியவை. அவற்றை ஃபேர்னஸ் க்ரீமாக வருடக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் சில வாரம் முகம் வெளுத்து மினுமினுக்கும், தெரிந்தவர்கள் பாராட்டுவார்கள். பிறகு தோல் மெலிந்து, சிறு ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு வரும், பூனைமுடி வளரும், வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகச் சிவந்து வீங்குவதால் பயந்து மீண்டும் பூசுவார்கள். ஸ்டீராய்டு ஃபைப்ரோபிளாஸ்ட்களின் கொலாஜன் வேலையையே நிறுத்திவிடும். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கன்னத்தில் அது செய்யும் வேலை, பல ஆண்டு வெயில் செய்யும் வேலை. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டு குரல் கொடுத்த பிறகு 2018-ல் மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் கொடுக்கும் கடைக்காரர் சட்டத்தை மீறுகிறார் என்பதை வாங்குபவரும் தெரிந்திருக்க வேண்டும்.

லேபிளே சரியாக இல்லாத டப்பா க்ரீம்கள் இன்னும் அபாயம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், பலரும் பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் பூசியிருந்ததைக் கண்டறிந்தார்கள். பாதரசம் மெலனின் உற்பத்தியைத் தடுக்கும், அதனால் தோல் வெளுக்கும். வெளுத்த தோல் தன் கவசத்தை இழந்த தோல். இளமைக்காக வாங்கும் பொருளே மூப்புக்கு வழி திறந்துவிடுகிறது. தயாரித்த நிறுவனம், உரிம எண், உட்பொருள் பட்டியல் இல்லாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே இப்படி ஒரு க்ரீமுக்குப் பழகிவிட்டவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ட்யூபையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனால், படிப்படியாக எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லித் தருவார்.

அழகுப் பொருள் விளம்பரங்களில் தோன்றும் முகங்கள் பெரும்பாலும் ஏசி அறையில் இருப்பவை. இந்த ஊரில் மிக அதிக வெயிலை வாங்குபவர்கள் நடவு நடும் பெண்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், போக்குவரத்துக் காவலர்கள், தெருவில் மீன் விற்பவர்கள். இவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சன்ஸ்கிரீன் பூசுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. வியர்வையில் நிற்காது, கட்டுப்படியும் ஆகாது. ஆனால் வயலுக்குப் போகும்போது புடவைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்களே நம் பெண்கள், அது எந்த க்ரீமையும்விட நம்பகமான காப்பு. நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணியாக இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்துவிட்டால் கதிரைக் கூடுதலாக உள்ளே விடும், ஆகவே மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை இருந்தால் நன்று. தலையில் துண்டு கட்டினாலும் முகத்துக்கு நிழல் விழாது. சுற்றிலும் நாலு விரல் அகல விளிம்பு உள்ள ஓலைத் தொப்பியோ துணித் தொப்பியோ போட்டால்தான் கன்னத்துக்கும் காதுக்கும் பின்கழுத்துக்கும் நிழல் கிடைக்கும்.